பூ இருந்தும் கூடில்லை: களுதாவளை முதல் நவகிரி வரை தனித்தேனீயும் தனிக்குளவியும்

மட்டக்களப்புக் கரையோரத்துக் களுதாவளையில் கத்தரி ஆண்டு முழுவதும் பூக்கும். மணல் தரை, ஆழமில்லாத கிணறு, மோட்டர், நீளக் குழாய் எல்லாம் இருப்பதால் மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று வறுத்தெடுக்கும் ஆனி ஆடியிலும் அங்கே மரக்கறிச் செய்கை நிற்பதில்லை. வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் போனால், அதே ஆடியில் வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டில் எருக்கலையும் நாயுண்ணியும்தான் பூவென்று மிஞ்சும். பூவை மட்டும் எண்ணினால் தேனீக்கு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைதான் நல்ல நாடு. கூட்டமாக வாழாத தனித்தேனீக்கும் தனிக்குளவிக்கும் அந்தக் கணக்குச் சரிவராது. ஒரு கூடு ஐந்தாறு கிழமை கலையாமல் இருக்க இடம் எங்கே கிடைக்கிறது, அந்த இடம் எந்த மாதத்தில் உழப்படுகிறது, எரிக்கப்படுகிறது, மூழ்குகிறது என்பதில்தான் அவற்றின் பிழைப்புத் தங்கியிருக்கிறது.

இங்கே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டது ஒரு கீற்று நிலம். கிழக்கே களுதாவளைக் கடற்கரை, அடுத்து களுவாஞ்சிகுடி, குருமண்வெளித் துறை, பிறகு வாவி. அக்கரையில் மண்டூர், வெல்லாவெளி, தும்பங்கேணி, அதற்கும் மேற்கே நவகிரிக் குளத்துப் பக்கக் காட்டோரம். கடலில் இருந்து காடு வரை போவதற்குள் மண்ணும் தொழிலும் நான்கு வகையாக மாறிவிடும். மழை மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் அளவில் பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். காலம் பொதுவாக இருக்க நிலப்பயன்பாடு மாத்திரம் மாறுவதால், எது மழையின் வேலை, எது மனிதரின் வேலை என்று பிரித்துப் பார்க்க இந்தக் கீற்று தோதானது.

நான்கு நிலங்களையும் சுருக்கமாகச் சொன்னால்: கரையோர மணலில் வீட்டு வளவு, தென்னை, கிணற்றுநீர் மரக்கறி, வெற்றிலை. வாவியோரத்தில் கண்ணா, கிண்ணை, தில்லை என்ற கண்டல் மரங்கள். அக்கரையில் வட்டைகள் எனப்படும் களிமண் வயல்வெளிகள். மாரியில் பெரும்போகம், தண்ணீர் கிடைக்கும் கண்டங்களில் சிறுபோகம். அதற்கும் மேற்கே சோளன், கச்சான் (நிலக்கடலை), மரமுந்திரிகை, காடு வெட்டி எரித்துச் செய்யும் சேனை, பற்றைக்காடு.

கூட்டுக்குள் நடப்பது

இலங்கையில் பதிவான தேனீ இனங்கள் ஏறத்தாழ 150. பெருங்கூட்டமாக வாழ்ந்து தேன் சேர்ப்பவை அவற்றில் நான்கே: பெருந்தேனீ, பொந்துத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ. மீதியில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. இராணியும் வேலைக்காரியும் அவற்றிடம் கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தானே பொந்து தேடி அல்லது தோண்டி, ஓர் அறைக்கு வேண்டிய மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, அறையை மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்கும். குளவியும் அப்படியே, மகரந்தத்துக்குப் பதில் கொட்டி மயக்கிய புழு, சிலந்தி, வெட்டுக்கிளி. ஒரு பெண் தன் ஆயுளில் முடிக்கும் அறைகள் பத்து, இருபது என்ற அளவில்தான் இருக்கும். தேன்கூட்டில் இராணி ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இங்கோ ஒரு கூடு நசுங்கினால் ஒரு தாயின் உழைப்பில் பாதி போய்விடும்.

வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் கறுப்பும் மஞ்சளுமான இடையொடுங்கிய குளவியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். செலிஃப்ரோன் மதராஸ்பட்டானும் என்பது அதன் அறிவியற் பெயர். மதராஸின் பெயரையே சுமந்து திரிகிறது. கிணற்றடியில் சட்டி கழுவிய ஈரத்தில் வந்திறங்கி, தலையைத் தாழ்த்தி ரீங்காரமிட்டுக்கொண்டே பயறளவு சேற்றை உருட்டித் தாடையில் கவ்விக்கொண்டு போகும். விரற்கணு அளவுள்ள ஓர் அறைக்கு இப்படிப் பல பத்துத் தடவை பறக்க வேண்டும். அறை முடிந்ததும் சிலந்தி வேட்டை. பத்துப் பதினைந்து சிறு சிலந்திகளை நெருக்கி அடைத்து, முதலில் வைத்த சிலந்திகளில் ஒன்றின் வயிற்றில் முட்டை ஒட்டி, வாயைச் சேற்றால் பூசிவிடும். அறையை உடைத்துப் பார்த்தால் சிலந்திகளின் கால்கள் இன்னும் இலேசாகத் துடிக்கும். அவை சாகவில்லை, மயங்கித்தான் கிடக்கின்றன. உயிரோடு கிடப்பதால்தான் முட்டையில் இருந்து வரும் புழுவான குடம்பி தின்று முடிக்கும் வரை அழுகுவதில்லை.

குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று நம் முன்னோர் சொன்னது இதைப் பார்த்துத்தான். மூடிய அறைக்குள் புழு போனதையும் குளவி வந்ததையும் கண்டார்கள். நடுவில் இருந்த முட்டையைக் காணவில்லை. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. அந்த நம்பிக்கையால் எத்தனையோ கூடுகள் தும்புத்தடிக்குத் தப்பியிருக்கின்றன. இந்தப் பகுதியில் குளவிக்குக் கிடைத்த மிகப் பழைய பாதுகாப்பு அதுதான்.

மாதம் மாதமாக

மழை ஓயும் தை பிற்பகுதி முதல் சித்திரை வரை நல்ல காலம். வரம்பில் தும்பையும் மூக்குத்திப்பூவும், வெறுநிலத்தில் தொட்டாச்சிணுங்கியும் நிறைந்திருக்கும். மரமுந்திரிகை பூக்கும், பின்னால் வேம்பு. வயலில் இலைசுருட்டிப் புழுவும் கதிரில் சிலந்தியும் இருப்பதால் வேட்டைக்குக் குறைவில்லை. சேறு எங்கும் கிடைக்கும். மண்ணின் மேற்பரப்புக் காய்ந்து இறுகி, விரல் ஆழத்தில் ஈரம் நிற்கும். மண் தோண்டும் தேனீக்கு இதைவிடப் பொருத்தமான மண் இல்லை. முழுக்கக் காய்ந்த மணல் இடிந்து விழும். நீர் நிறைந்த களி ஒட்டிக்கொள்ளும்.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காலம். மேற்கில் இருந்து வரும் சூட்டுக் காற்று பூவின் தேனை முற்பகலிலேயே வற்றடித்துவிடும். சேறு, கிணற்றடியிலும் சிறுபோக வாய்க்காலிலும் மட்டுமே. மண்கூட்டுக் குளவிகள் வீட்டைச் சுற்றி நெருங்குவது இதனால்தான். பானை வடிவில் மண்கூடு கட்டும் குயவக் குளவிகள் சிலவற்றுக்கு வேறு வழி உண்டு: தண்ணீரை வயிற்றுப்பையில் கொண்டுபோய்க் காய்ந்த மண்ணில் கக்கிச் சேறாக்கிக்கொள்ளும். அவற்றுக்குச் சேறு வேண்டாம், தண்ணீர் போதும். பல இனங்களின் குடம்பிகள் இக்காலத்தில் உண்டு முடித்து, கூட்டுப்புழுவாக மாறாமல் அப்படியே உறங்கிக் கிடக்கும். வெளியே தேனீ கண்ணில் படவில்லை என்றால் தேனீ இல்லை என்று பொருளல்ல. அடுத்த தலைமுறை முழுவதும் காய்ந்த தண்டுக்குள்ளும் வரம்புக்குள்ளும் கிடக்கிறது. இதை மறந்துவிடுவதால்தான் பெரும் அழிவு நடக்கிறது.

புரட்டாதியில் சேனை வெட்டி எரிப்பார்கள், வட்டைகளில் உழவு தொடங்கும். ஐப்பசி முதல் மழையில் உறங்கியவை விழிக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை நாட்கணக்கில் விடாமல் பெய்யும். பறக்கும் நேரம் சுருங்கும். 2011 ஜனவரியில் வந்தது போன்ற பெருவெள்ளத்தில் தாழ்நிலம் நாட்கணக்கில் நீருக்கடியில் கிடக்கும். மண் தோண்டும் தேனீக்கள் பலவும் அறையின் உட்சுவரில் தம் உடற்சுரப்பால் மெழுகுபோன்ற பூச்சுப் பூசுவதால் ஓரிரு நாள் ஈரத்தைத் தாங்கும். வண்டல் படிந்து வாசல் அடைபட்டால் தாங்காது. மேடான வரம்பும் குளக்கட்டின் சரிவும் அப்போது எஞ்சிய விதைக்களஞ்சியமாக நிற்கும்.

கூடு எங்கே உடைகிறது

வயலில் தொடங்குவோம். நெல்லுக்குத் தேனீ தேவையில்லை, அதனால் வட்டையைத் தேனீயோடு சேர்த்துப் பேசுவோர் குறைவு. ஆனால் இந்தக் கீற்றில் கலையாத மண் அதிகம் கிடப்பது வட்டையில்தான்: வரம்பு, வாய்க்கால் கரை, மாட்டுப்பாதை. ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் வரம்பைச் செதுக்கிச் சேறு பூசுகிறோம். பூச்சின் தடிப்பு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இருந்தாலே உள்ளே உறங்கும் தேனீக்கு வாசல் அடைபடும். சேறு ஈரமாக இருக்கும்போது வெளிவரும் நேரம் வந்தால் துளைத்துக்கொண்டு வரலாம். காய்ந்து இறுகிவிட்டால் வராது. உழவு மெசினின் ரொட்டவேட்டர் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை கிளறும். மேலோட்டமாகக் கட்டப்பட்ட அறைகள் அத்தோடு முடிந்தன. அடுத்தது புல்லெண்ணெய், அதாவது களைகொல்லி. வரம்பில் அடித்தால் தேனீ உடனே சாகாது, தும்பை சாகும். கூட்டில் இருந்து ஒரு மூச்சில் போய்வரும் தூரத்தில் பூ இல்லாமல் போனால், பாதி கட்டிய கூட்டைத் தாய் கைவிட்டுவிடும்.

அந்தத் தூரம் சிறியது. தனித்தேனீக்கள் உணவு தேடிப் போகும் எல்லை பெரும்பாலும் 150 முதல் 600 மீற்றர் வரை. உடல் சிறுத்தால் தூரமும் சிறுக்கும். குருமண்வெளித் துறையில் படகுப்பாதை ஓடும் வாவி அகலம் சின்னத் தேனீக்கு மதில் போன்றது. எழுவான்கரையின் கத்தரிப் பூவால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைத் தேனீக்கு ஒரு பயனும் கிடையாது. ஒரே வட்டைக்குள்ளும் இதே கதைதான். கூடு வைத்த வரம்பில் இருந்து அரைக் கிலோமீற்றருக்குள் இரண்டு போகத்துக்கும் இடைப்பட்ட கிழமைகளில் பூக்கும் ஏதாவது ஒன்று வேண்டும்.

கரையோர மணலுக்கு வருவோம். இங்கே பூவுக்குக் குறைவில்லை, கூட்டுக்குத்தான் தட்டுப்பாடு. பாத்தி ஒவ்வொரு பயிருக்கும் கொத்தப்படுகிறது. வேலி மாறிவிட்டது. முன்பு பூவரசும் கிளிசிரியாவும் கதியாலாக நின்ற வேலியில் பட்டுப்போன கதியால் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். வண்டுப்புழு துளைத்த அந்த ஓட்டைகளில் இலைவெட்டித் தேனீயும் சிலந்தி பிடிக்கும் சிறு குளவிகளும் குடியிருக்கும். தடித்த கட்டையைக் கருவண்டு என்ற பெரிய கறுப்புத் தேனீ தானே துளைக்கும். இப்போது அந்த இடத்தில் தகரமும் கல் மதிலும். வரிச்சுக் கட்டிக் களிமண் சாத்திய சுவரில் நீலப்பட்டைத் தேனீ துளையிட்டுக் கூடு வைத்தது. சீமெந்துக் கல்லில் அதற்கு வழியில்லை. அடுக்களைப் பக்கம் மட்டும் மண் சுவராக நின்ற வளவுகளில் அந்த ஒரு சுவரே ஊருக்கு நீலப்பட்டைத் தேனீ வழங்கிக்கொண்டிருக்கும். அதை இடிக்கும்போது யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

எல்லாமே குறைகிறது என்று சொல்வதும் பிழை. செலிஃப்ரோனுக்குக் கல்வீடு மழை படாத பாறை மாதிரி, அது பெருகும். பிளக் பொயின்ற் ஓட்டை, கதவுப் பூட்டு, பயன்படாத குழாய் வாய் என்பவற்றைச் சில குளவிகளும் பிசின் தேனீயும் நிரப்பிவிடும். கடலோரத் தளர்மணலில் பெம்பிக்ஸ் குளவி தோண்டி ஈக்களைப் பிடித்து வைக்கும். கூட்டிப் பெருக்கிய மணல் வளவு அதற்குத் தொந்தரவில்லை. நிலம் மாறும்போது இனங்களின் எண்ணிக்கை குறைவதைவிட, எது இருக்கிறது என்பது மாறுவதுதான் முதலில் நடக்கும். மண்ணும் தண்டும் தேடும் இனங்கள் போகும், சுவரும் ஓட்டையும் போதும் என்பவை மிஞ்சும்.

மேட்டுநிலத்தில் பெரும் கேடு நெருப்பால் வருகிறது. செரட்டினா என்ற எறும்பளவுத் தேனீ காய்ந்த நாயுண்ணித் தண்டின் சோற்றைக் குடைந்து அறை கட்டும். அந்தத் தண்டு எரியும் மாதமும் அதற்குள் அடுத்த தலைமுறை உறங்கும் மாதமும் ஒன்றே. மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருப்பவை வேகமாக ஓடும் தீக்குத் தப்பும். தண்டில் இருப்பவை ஒன்றும் மிஞ்சாது. பழைய சேனையில் அடிக்கட்டைகள் நின்றன, அடுத்த துண்டு தரிசாகக் கிடந்தது. எரிந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்தே தேனீ திரும்பி வந்தது. ஆண்டுதோறும் சோளன் என்று ஆன பிறகு வேர் பிடுங்கி வழித்த நிலத்துக்குத் திரும்பிவர அருகில் ஒன்றும் இருப்பதில்லை. மரமுந்திரிகைத் தோட்டம் இதில் விதிவிலக்கு. பட்ட கொப்பை வெட்டி அடியில் போடும் பழக்கம் உள்ள தோட்டம் கருவண்டுக்கும் இலைவெட்டிக்கும் நல்ல இடம்.

வாவியோரம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணாவின் செத்த கொப்புகளில் கூடு உண்டு, பூவும் உண்டு. உவர் ஏறும் மண்ணில் தோண்டுபவை நிற்பதில்லை.

குழாய் வைத்துப் பார்த்தல்

எந்த நிலத்தில் எது குறை என்று ஊகிக்காமல் அறிய மலிவான வழி பொறிக்கூடு. வெறுங்குழாய்களைக் கட்டித் தொங்கவிட்டால் பொந்தில் வாழ்பவை தாமே வந்து கூடு வைக்கும். மூடிய குழாயை எடுத்துவந்து யார் வெளிவருகிறார் என்று பார்ப்பதுதான் வேலை.

மூங்கில் அல்லது நாணல் எடுக்கவும். கணுவை அடுத்து வெட்டினால் ஒரு பக்கம் தானாக அடைபட்டிருக்கும். நீளம் 18 முதல் 20 சென்ரிமீற்றர். இதில் சிக்கனம் கூடாது. பெண்ணாகப் போகும் முட்டையைத் தாய் உள்ளறைகளிலும் ஆணாகப் போவதை வாசற் பக்கமும் வைக்கும். குழாய் 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் ஆண்களே அதிகம் பிறந்து, அடுத்த ஆண்டு எண்ணிக்கை விழும். உள்விட்டம் மூன்று வகை: 3–5, 6–8, 9–12 மில்லிமீற்றர். பச்சை மூங்கிலில் மாப்பொருள் இருப்பதால் உளுக்கும். இரண்டு கிழமை தண்ணீரில் ஊறவிட்டு, நிழலில் இன்னும் இரண்டு கிழமை உலர்த்தவும். வாய் விளிம்பை மணற்கடுதாசியால் தேய்க்கவும். நார்ச்சிலும்பு இருந்தால் இறகு கிழியும் என்பதால் பெண் உள்ளே போகாது. பிளாஸ்ரிக் ஸ்ரோ வேண்டவே வேண்டாம். ஈரம் வெளியேறாமல் மகரந்தம் பூஞ்சணம் பிடித்து மார்கழிக்குள் எல்லாம் கறுத்துவிடும்.

ஒவ்வொரு வகையிலும் 8 ஆக 24 குழாய் ஒரு கட்டு. 110 மில்லிமீற்றர் பீவீசி குழாயில் 23 சென்ரிமீற்றர் துண்டு வெட்டி அதற்குள் செருகினால், முன்பக்கம் 3 சென்ரிமீற்றர் உள்வாங்கி நிற்கும், சாரல் படாது. இடத்துக்கு இரண்டு கட்டு, நிலத்துக்கு மூன்று இடம், நான்கு நிலம்: மொத்தம் 576 குழாய். இடங்களுக்கு நடுவே குறைந்தது 700 மீற்றர் விட வேண்டும். அல்லாவிட்டால் ஒரே தாயை இரண்டு இடத்தில் எண்ண நேரும்.

உயரம் 1.2 முதல் 1.5 மீற்றர். வாசல் திசையில்தான் பலரும் பிழைவிடுகிறார்கள். காலை வெயில் வேண்டும் என்பதால் கிழக்கு நோக்கி வைக்கச் சொல்வது பொது வழக்கம். நம் பகுதியில் மார்கழி மழை வடகிழக்கில் இருந்து சாய்ந்து அடிக்கும்; கிழக்கே வாய் திறந்த கட்டு முழுதும் நனையும். மேற்கே வைத்தால் கச்சான் வேக வைக்கும். தென்கிழக்கு நோக்கி, மேலே 15 சென்ரிமீற்றர் தாழ்வாரத்தோடு வைப்பதே இங்கே பொருந்தும். பால்மா ரின்னைப் பயன்படுத்தினால் நண்பகல் நிழல் கட்டாயம். வெயில் விழும் தகரத்துக்குள் குடம்பி வெந்துபோகும்.

முதல் எதிரி எறும்பு. கம்பத்தில் 10 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கிறீஸ் பூசி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புதுப்பிக்கவும். தூசி படிந்த கிறீஸின் மேல் எறும்பு நடந்து போகும். முசுறு இருக்கும் மாமரத்துக்குக் கீழே வைக்கவே கூடாது; ஓர் இலை தொட்டாலே பாலமாகிவிடும். பல்லிக்கும் எலிக்கும் முன்னால் அரை அங்குலக் கம்பிவலை போதும். நவகிரிப் பக்கம் யானை கம்பத்தில் உரசும். அங்கே யானைவேலிக்கு உட்புறமாக, கம்பத்தை விட்டு உயிர்மரத்தில் கட்டுவது நல்லது. காட்டுத் திணைக்களத்துக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ உரிய நிலமாக இருந்தால் எழுத்து அனுமதி பெற்ற பிறகே வைக்க வேண்டும்.

14 நாளுக்கு ஒருமுறை பார்வை. வாய் மூடிய குழாயை எடுத்து, அதே விட்டத்தில் வெறுங்குழாய் ஒன்றைச் செருகவும். நிலம், இடம், விட்டம், மூடியின் வகை, திகதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதவும், மை ஈரத்தில் கரைந்துவிடும். மூடியைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். வழவழப்பான சேறு என்றால் புழு வேட்டையாடும் ரைங்கியம் அல்லது சிலந்தி வேட்டையாடும் சிறு குளவி. வட்டமாக வெட்டிய இலை அடுக்கு இலைவெட்டித் தேனீ. பளபளக்கும் பிசின், பிசின் தேனீ. வாயில் காய்ந்த புல் குச்சிகள் துடைப்பம் போல நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டுக்கிளி வகைகளைப் பிடிக்கும் இசோடோன்ஷியா குளவி.

ஒவ்வொரு குழாயையும் தனித்தனிப் போத்தலில் போட்டு, நெருங்கிய நெசவுத் துணியால் வாய் கட்டவும். சாதாரண நுளம்புவலை போதாது. மெலிட்டோபியா என்ற ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைந்த ஒட்டுண்ணிக் குளவி ஒன்று உள்ளே புகுந்தால் வலையின் கண்ணிகளுக்குள்ளால் பரவி ஒரு பருவத்துச் சேகரிப்பையே தின்றுவிடும். ஒட்டுண்ணி கண்டால் எரிச்சல் வேண்டாம். பச்சை மினுக்கும் குயிற்குளவியும் கூர்வயிற்றுக் குயில்தேனீயும் தாம் தொற்றி வாழும் விருந்தோம்பி இனம் நன்றாக இருக்கும் இடத்தில்தான் நிலைக்கும்; அவை கிடைத்த நிலம் நலமான நிலம்.

கணக்கெடுக்கும்போது கூடுகளின் மொத்தத்தை ஒப்பிடக் கூடாது. சில குழாய் திருட்டுப் போகும், சில எலிக்குப் போகும். 100 குழாய் ஒரு மாதம் திறந்திருந்தால் எத்தனை கூடு என்ற விகிதத்தைப் பார்க்க வேண்டும். அதோடு 50 மீற்றர் சுற்றுக்குள் பட்ட கதியால், அடிக்கட்டை, மண் சுவர் எத்தனை என்றும் எண்ணி வைக்கவும். இது இல்லாமல் முடிவு தலைகீழாகும். இயற்கைப் பொந்து ஏராளமாக உள்ள காட்டோரத்தில் உங்கள் குழாய் வெறுமையாகக் கிடக்கலாம். அங்கே தேனீ இல்லை என்று எழுதிவிடக் கூடாது. பூ நிறைந்து பொந்து அற்ற வளவில் குழாய் வைத்த ஓரிரு மாதத்தில் நிரம்பினால், அங்கே குறைவாக இருந்தது கூட்டிடமே. பூவும் இருந்து, பொந்தும் கொடுத்து, குழாய் இரண்டு நல்ல பருவம் வெறுமையாகவே நின்றால் பூச்சிக்கு எண்ணெய் (நஞ்சு) அடிக்கும் பழக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

பொறிக்கூடு மண் தோண்டுபவற்றைக் காட்டாது. தேனீ இனங்களில் பெரும்பகுதி மண்ணில்தான் வாழ்கிறது. அவற்றுக்கு ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தை வரம்பிலும் பாதையிலும் வைத்து, காலை 8 முதல் 10 மணிக்குள், சுற்றிலும் சிறு மண்குவியல் உள்ள துளைகளை எண்ணவும். எறும்புத் துளையின் மண் உருண்டை உருண்டையாகப் பரந்து கிடக்கும், ஓயாத போக்குவரத்தும் இருக்கும். தேனீத் துளை பென்சில் நுழையும் அளவில் வட்டமாக, அமைதியாக இருக்கும்.

கத்தரிப் பூவில்

கத்தரியின் மகரந்தப்பை உச்சியில் சிறு துளை மட்டும் உள்ளது. தேனும் கிடையாது. பெட்டித் தேனீயால் அதை உதிர்க்க முடியாது. நீலப்பட்டைத் தேனீ மஞ்சள் கூம்பைக் கட்டிப்பிடித்து, இறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். கையெட்டும் தூரத்தில் நின்றால் கீச்சென்ற அந்த ஒலி கேட்கும். மகரந்தம் உப்புக்குடுவையில் இருந்து போல் வயிற்றில் கொட்டும். கருவண்டும் மண்ணில் வாழும் ஹொப்லோநோமியா என்ற தேனீயும் இதே வேலை செய்யும். காற்றாலும் ஓரளவு காய் பிடிக்கும், அதனால் தேனீ குறைந்தது உடனே தெரிவதில்லை. தக்காளியில் ஒரு சோதனை உண்டு: கூம்பில் கபில நிறக் கடிதடம் இருந்தால் அதிர்த்தேனீ வந்துபோயிருக்கிறது. நூறு பூவைப் புரட்டிப் பார்த்தால் தோட்டத்தின் நிலை விளங்கும்.

இந்தப் பூக்கள் அதிர்வு பெறுவது முற்பகலில். ஆகவே எண்ணெய் அடித்தே ஆகவேண்டும் என்றால் பிற்பகல் ஐந்து மணிக்குப் பின் அடிக்கவும், பாத்தியோடு நிறுத்தவும். வேலியோரப் பூண்டில் படக் கூடாது. நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் மாலையில் அங்கே காய்ந்த குச்சிகளைத் தாடையால் கவ்வி வரிசையாகத் தொங்கித் தூங்கும். ஒரு விசிறலில் எல்லாம் விழும்.

கலையாத இடம் தருவது

வட்டையில் பத்து வரம்புக்கு ஒன்றை, மேடான பக்கத்தில், செதுக்காமல் பூசாமல் விடலாம்; அதைப் போகத்துக்குப் போகம் மாற்றக் கூடாது. வாய்க்கால் கரையில் புல்லெண்ணெய்க்குப் பதில் கத்தியால் புல் வெட்டினால் தும்பை நிற்கும். சேனையில் எரிக்குமுன் நாயுண்ணி, ஆமணக்குத் தண்டுகளில் ஒரு கட்டளவை முழ நீளத்துக்கு வெட்டி, எல்லைமரத்தில் நட்டுக்குத்தாகக் கட்டிவிடலாம். கரையோர வளவில் களியும் மணலும் கலந்து, நகத்தால் கீறினால் உதிரும் பதத்தில் கல் அறுத்து, ஈரமாக இருக்கும்போதே 8 மில்லிமீற்றர் குச்சியால் விரல் ஆழத்துக்குத் துளைகள் இட்டு, மழை படாத தாழ்வாரத்தில் அடுக்கினால் இடித்த மண் சுவருக்கு அது ஈடாகும். சீமெந்து கலந்தால் தேனீ தோண்டாது. களி அதிகமானால் கச்சானில் வெடிக்கும். கிணற்றடியில் ஒரு பழைய தாச்சியில் களிமண்ணைக் குழைத்து வைத்தால் ஆடியிலும் குளவிக்குச் சேறு கிடைக்கும். தண்ணீர் மேலே நிற்கக் கூடாது, நுளம்பு முட்டையிடும்.

குழாய்க் கட்டுகளை மார்கழி முடிவதற்குள் தயாராக்கி, தைப்பொங்கலோடு தொங்கவிடுவது நல்லது. ஆனியில் அல்லது ஆடியில் எடுத்த குழாய் மூன்று மாதமாகியும் திறக்கவில்லை என்றால் செத்ததென்று எறிந்துவிட வேண்டாம். ஒரு குழாயை நீளவாக்கில் பிளந்து பார்க்கவும். குடம்பி பாலேட்டு நிறத்தில், தொட்டால் நெகிழ்ந்து மீண்டால் உயிரோடு உறங்குகிறது. கறுத்தோ சுண்ணாம்புபோல் இறுகியோ இருந்தால் நோய். உயிருள்ள குழாய்களை ஓலைக் கூரையின் நிழலில் வைத்து, ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு நாளுக்கொருமுறை போத்தலைப் பார்த்து, வெளிவருபவற்றை எடுத்த இடத்துக்கே கொண்டுபோய் மழை இல்லாத காலைப்பொழுதில் திறந்துவிடவும்.